நாரோ கேஜ் ரெசின் பாடி கிட்: மேலே அழகு, கீழேதான் வேலை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கிட் நல்ல கிட், வாங்கலாம். ஆனால் விற்பனைப் பக்கத்தில் "ஒரே மாலையில் முடியும், வெட்ட வேண்டாம், சேஸிஸைத் தொடவே வேண்டாம்" என்று போட்டிருக்கிறார்களே, அந்த வரியை நம்பி வாங்காதீர்கள். பாடி பற்றி அவர்கள் சொன்னது பெரும்பாலும் உண்மை. சேஸிஸ் பற்றிச் சொன்னது ஆசை வார்த்தை.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். பொம்மை ரயில் தொகுப்புகளில் வருகிற நாலு சக்கரக் குட்டி டேங்க் எஞ்சின் இருக்கிறதல்லவா, 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுவது, அதன் மேல்பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிப்பாகத்தை, அதாவது சேஸிஸை, மட்டும் வைத்துக்கொண்டு, அதன்மேல் இந்த ரெசின் பாடியை உட்கார வைத்தால் அது வேறொரு அளவில், அதாவது 1:43.5 விகிதத்தில், நாரோ கேஜ், அதாவது குறுகிய பாதை, எஞ்சின் ஆகிவிடும். இந்த அளவுக்கு ஓ-16.5 என்று பெயர், 1 அடிக்கு 7 மி.மீ. என்ற கணக்கு என்பதால் 7 மி.மீ. அளவு என்றும் சொல்வோம். வடிவமைத்தவர் பெயரையோ கடையின் பெயரையோ எழுதப்போவதில்லை, ஏனென்றால் ஒரே டிசைன் கோப்பை (கணினி ஃபைலை) வாங்கிப் பலபேர் அவரவர் 3டி பிரின்டரில் அச்சடித்து விற்கிறார்கள், ஒருவரிடம் வாங்கியது போல் இன்னொருவரிடம் வாங்கியது இருக்காது. அதனால் எது வடிவமைப்பின் குறை, எது அச்சடித்தவரின் குறை என்பதை முடிந்தவரை பிரித்தே சொல்கிறேன்.

இந்த வித்தை எடுபடுவதற்குக் காரணம் கணக்குதான். 16.5ஐ 43.5ஆல் பெருக்கினால் 718 மி.மீ., ஏறக்குறைய 2 அடி 4 அங்குலம். 2 அடி, 2 அடி 3 அங்குலம், 2 அடி 6 அங்குலம் என்று ஓடிய குவாரி ரயில், தோட்ட ரயில், தொழிற்சாலை ரயில் எல்லாவற்றுக்கும் நடுவில் வந்து நிற்கிற எண் அது. எதற்கும் கச்சிதமாகப் பொருந்தாது, எதிலும் கண்ணை உறுத்தாது. அதே தண்டவாளத்தை 1:48ல் எடுத்துக்கொண்டு ஓஎன்30 என்கிறார்கள் அமெரிக்கர்கள். கணக்குப்படி 792 மி.மீ. வருகிறது, அவர்கள் மனதில் இருப்பது 762. ஐரோப்பாவின் 1:45ல் எடுத்தால் 742 வரும், அங்கே ஓடிய 750 மி.மீ. பாதைகளுக்கு அது போதுமான அளவு நெருக்கம். கச்சிதம் வேண்டுமென்றால் 009 என்கிற இன்னொரு அளவின் பக்கம் போக வேண்டும். 'N' கேஜ் என்கிற சின்ன மாடல் ரயிலின் 9 மி.மீ. தண்டவாளத்தை 1 அடிக்கு 4 மி.மீ. என்ற அளவில் எடுத்தால் 686 மி.மீ., வேல்ஸில் டலிலின், கோரிஸ் ரயில்பாதைகளின் நிஜ அகலமே அதுதான். சரி, நமக்குப் பேச்சு 16.5.

சக்கரத்துக்கும் இதே கணக்கு ஒத்துவருகிறது. தானமாகக் கொடுக்கிற எஞ்சினில் இருப்பது 14 மி.மீ. சக்கரம். அந்த எஞ்சினின் சொந்த அளவான 4 மி.மீ. அளவில், அதாவது 1:76ல், பார்த்தால் அது மூன்றரை அடி, ஷண்டிங் எஞ்சினுக்கான சக்கரம். 7 மி.மீ. அளவில் பார்த்தால் அதே சக்கரம் சரியாக 2 அடி. குவாரியில் ஓடிய குட்டி எஞ்சின்களின் சக்கரம் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். ஒரு ஸ்குரூவைக்கூடத் திருகாமல் சக்கரம் நாரோ கேஜ் ஆகிவிட்டது. மீதி எல்லாம் மனிதனின் உயரத்தைப் பொறுத்தது. பழைய பாடியின் கூரை தண்டவாளத்திலிருந்து 50 மி.மீ. உயரத்தில் இருந்தால் 7 மி.மீ. அளவில் அது 7 அடிதான், 1.75 மீட்டர் ஆள் 1:43.5ல் 40 மி.மீ. உயரம் இருப்பான், அவன் நிற்கிற தளமே தண்டவாளத்துக்கு மேல் 14, 15 மி.மீ.யில் இருக்கிறது என்றால் அவன் தலை கூரையை முட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். பழைய பாடியிலேயே நீளப் புகைபோக்கி ஒட்டி "மாற்றிவிட்டேன்" என்று சொல்கிறவர்களின் எஞ்சின் படத்தில் நன்றாக இருந்தும் பக்கத்தில் ஒரு ஆள் பொம்மையை நிறுத்தியதும் பல்லை இளிப்பது இதனால்தான்.

இந்த கிட்டை வடிவமைத்தவருக்கு இது தெரிந்திருக்கிறது. கூரை 64 மி.மீ. உயரத்தில் நிற்கிறது, நிஜத்தில் 2.8 மீட்டர். கேபின் வாசல் ஆள் நுழையும் அகலம். கைப்பிடி, படி, நிலக்கரிப் பெட்டியின் விளிம்பு எல்லாம் ஒரு ஆள் கை எட்டும் இடத்தில், கால் வைக்கும் இடத்தில் இருக்கின்றன. பக்கவாட்டில் பாடி 42 மி.மீ. அகலம், அதாவது 6 அடி, தண்டவாளத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் தாராளமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. நாரோ கேஜ் எஞ்சினை முன்னாலிருந்து பார்த்தால் வருகிற அந்தத் தள்ளாட்டமான, கொஞ்சம் பயமுறுத்துகிற தோற்றம் அப்படியே வந்திருக்கிறது. முழு மதிப்பெண் இதற்கு.

பெட்டிக்குள் பெரிய துண்டுகளாக பாடி, கூரை, ஸ்மோக்பாக்ஸ் (பாய்லரின் முன்முனை) கதவு, புகைபோக்கி, டோம் (பாய்லர் மேலிருக்கும் குமிழ்), இரண்டு பஃபர் பீம் (முன்னும் பின்னும் வருகிற குறுக்குச் சட்டம்), வெளிப்பக்க ஃபிரேம் போல ஒட்டிக்கொள்ள இரண்டு பட்டை, பாதி பேக்ஹெட் (கேபினுக்குள் தெரிகிற பாய்லரின் பின்முகம்), அப்புறம் ஒரு பை நிறையக் குட்டி உதிரிகள். கைப்பிடிக் கம்பி கிடையாது, 0.7 மி.மீ. பித்தளைக் கம்பி நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும். செய்முறைத் தாள் என்ற பெயரில் நாலு படம், அதில் இரண்டு படம் வேறொரு பாடியுடையது. தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு துண்டுகளைக் கையில் வைத்துப் பார்த்தே சேர்த்துவிடலாம், அவ்வளவு தெளிவாக இருக்கிறது, ஆனாலும் காசு வாங்கிக்கொண்டு தவறான படம் கொடுப்பது என்ன பழக்கமோ.

அச்சுத் தரம் நன்றாக இருக்கிறது. ரிவெட்டுகள் கூர்மை, 1 அங்குல ரிவெட் தலை 7 மி.மீ. அளவில் 0.58 மி.மீ., பாடியில் இருப்பதும் கிட்டத்தட்ட அந்த அளவில்தான், ஊதிப் பெருக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியின் வளைவில் மட்டும் படிப்படியாக அடுக்குக் கோடுகள் தெரிகின்றன, அதுவும் நேர் எதிரே வெளிச்சம் விழும் உச்சியில். 400ல் தொடங்கி 800, 1200 என்று தண்ணீர் உப்புத்தாள் போட்டால் போய்விடும், ஆனால் அங்கேதான் இரண்டு வரிசை ரிவெட்டும் ஓடுகிறது, அதைச் சேர்த்து வழித்துவிடாமல் நடுவில் மட்டும் தேய்க்கப் பொறுமை வேண்டும். பிரைமர் ஒரு கை அடித்துக் காய்ந்த பிறகு பாருங்கள், வெறும் ரெசினில் கண்ணுக்குத் தெரியாத கோடெல்லாம் அப்போது தெரியும். ரெசின் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது, முகமூடி போட்டுக்கொண்டு ஈரத்திலேயே தேயுங்கள்.

ஒரு குறையைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். தண்ணீர்த் தொட்டி உள்ளே வெற்றிடம். எடை குறைய, ரெசின் மிச்சமாக, எல்லாரும் அப்படித்தான் அச்சடிக்கிறார்கள், தப்பில்லை. ஆனால் உள்ளே தங்குகிற திரவ ரெசின் வடிய ஓட்டை வேண்டும், ஆல்கஹாலில் கழுவும்போது அது உள்ளே புகுந்து வெளியே வர வேண்டும், அப்புறம் புறஊதா வெளிச்சம் உள்பக்கமும் படவேண்டும். எனக்கு வந்த பாடியில் ஓட்டை ஒன்றே ஒன்று, அதுவும் ஊசி முனை அளவு. விளைவு, உள்ளே கெட்டியாகாத ரெசின் பிசுபிசுவென்று இருந்தது. இதைக் கவனிக்காமல் பெயின்ட் அடித்துவிட்டால் என்றைக்காவது ஒரு நாள் ரெசின் கசிந்து பெயின்ட்டைத் தூக்கும், சிலசமயம் தொட்டியின் சுவரையே வெடிக்க வைக்கும். தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பாடி வந்ததும் முதல் வேலையாக அடிப்பக்கம் இரண்டு இடத்தில் 4 மி.மீ. ஓட்டை போட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஊற்றிக் குலுக்கிக் கழுவி, காயவைத்து, ஓட்டை வழியாகவே புறஊதா விளக்கைக் காட்டுங்கள். இது அச்சடித்தவரின் குறை மட்டுமல்ல, கோப்பிலேயே பெரிய ஓட்டை வைத்திருக்க வேண்டும். போட்ட ஓட்டை வீணாகாது, எடை நிரப்ப அதே வழிதான்.

கூரை லேசாக வளைந்து வந்தது. கொதிக்காத சுடுநீரில் சற்று நேரம் போட்டு, தட்டையான பலகையில் அழுத்திப் பிடித்து ஆறவிட்டால் நேராகிவிடுகிறது. குறை என்று எழுதுகிற அளவுக்கு இல்லை.

இனி சேஸிஸ். "எந்த ஒரு 0-4-0க்கும் (நாலு சக்கர எஞ்சினுக்கும்) பொருந்தும்" என்பது போல விளம்பரத்தில் தொனி இருக்கிறது. பொருந்தாது. கோப்பை வரைந்தவர் கையில் ஒரு குறிப்பிட்ட எஞ்சின் இருந்திருக்கிறது, அதன் மேல்தான் அளவெடுத்திருக்கிறார். அதே எஞ்சினே பல வருடமாகத் தயாரிப்பில் இருப்பது, நடுவில் மோட்டார் மாறியிருக்கிறது, மோட்டாரைப் பிடிக்கிற கொக்கி மாறியிருக்கிறது, முன்பக்க ஸ்குரூ வருகிற தூண் ஒரு பதிப்பில் வட்டம், இன்னொன்றில் சதுரம். வெளியே பார்க்க எல்லாம் ஒரே எஞ்சின். பழைய வகையில் பாடி உட்காரும்போது பின்பக்கம் 1 மி.மீ. தூக்கிக்கொண்டு நிற்கிறது, மோட்டாரின் பின்முனை பேக்ஹெட்டில் இடிப்பதுதான் காரணம். அரம் வைத்து பேக்ஹெட்டின் உள்பக்கத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். புதிய வகையில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் முன் தூணைக் கொஞ்சம் வெட்ட வேண்டும். ஆக எந்த வகையானாலும் "வெட்ட வேண்டாம்" என்பது பொய்.

பாதி பேக்ஹெட் ஒரு நல்ல யோசனை. இந்த சேஸிஸில் மோட்டார் கேபினுக்குள் பாதி வரை நீட்டிக்கொண்டிருக்கும், அதை மறைக்கவே அடுப்புக் கதவும் இரண்டு வால்வும் கொண்ட முன்தட்டை வழக்கத்தைவிடப் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஓட்டுநருக்கு நிற்க இடம் குறைவு, ஒரு ஆளை வாசலோரம் சாய்த்து நிறுத்தினால் யாரும் கேட்கமாட்டார்கள். வேல்ஸ் குவாரிகளுக்கு ஹன்ஸ்லெட் கம்பெனி கட்டிக்கொடுத்த குட்டி எஞ்சின்களில் பலவற்றுக்குக் கேபினே கிடையாது, அவ்வளவு அழகு அவை, ஆனால் அதை இந்த சேஸிஸில் முயற்சி பண்ணாதீர்கள், மோட்டாரை ஒளிக்க இடமே இருக்காது.

ஓட்டம். பொம்மைத் தொகுப்பு எஞ்சின்களின் பல்சக்கர விகிதம் குழந்தைகளுக்காக வைத்தது, முழு வோல்டேஜில் விட்டால் துரத்தின கோழி மாதிரி ஓடும். இதில் நமக்குச் சாதகமாக ஒரு விஷயம் இருக்கிறது, இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தண்டவாளத்தில் வினாடிக்கு 14.6 செ.மீ. போகிற எஞ்சினை 1:76ல் பார்த்தால் மணிக்கு 40 கி.மீ. வேகம். அதே எஞ்சினுக்கு 1:43.5 பாடி போட்டுவிட்டால் அதே ஓட்டம் மணிக்கு 23 கி.மீ. ஆகிவிடுகிறது. ஒன்றையும் மாற்றாமல், பாடி பெரிதானதாலேயே எஞ்சின் நிதானமாகிவிட்டது போல் கண்ணுக்குத் தெரியும். ஆனால் குவாரி எஞ்சின் ஆள் நடக்கிற வேகத்தில் அல்லவா போக வேண்டும்? மணிக்கு 5 கி.மீ. என்றால் வினாடிக்கு வெறும் 3 செ.மீ. இந்த சேஸிஸ் அந்த வேகத்தில் ஓடாது, நின்று நின்று இழுக்கும். மோட்டார் முனையில் பஞ்சு, தலைமுடி ஏதும் சுற்றியிருந்தால் எடுத்து, பழைய கிரீஸைத் துடைத்து, துளி எண்ணெய் போட்டு, பாடி இல்லாமலே இரண்டு திசையிலும் நன்றாக ஓடவிட்டு, அதன் பிறகு மதிப்பிடுங்கள். அப்படியும் திருப்தி இல்லையென்றால் டிசிசி டிகோடர், அதாவது எஞ்சினுக்குள் வைக்கிற டிஜிட்டல் கட்டுப்பாட்டுச் சில்லு. மோட்டார் திருப்பி அனுப்புகிற மின்னழுத்தத்தை அளந்து வேகத்தைத் தானே சரிசெய்கிற வகை டிகோடர் போட்டால் இதே மோட்டார் வேறு மோட்டார் போல நடந்துகொள்ளும். அதற்குத் தொட்டிக்குள் இடமும் இருக்கிறது.

எடை இன்னொரு கதை. பழைய பாடியில் உலோகக் கட்டி ஒன்று திருகியிருக்கும், அதை எடுத்துவிட்டுத்தான் ரெசின் பாடியை வைக்கிறோம், அதனால் எஞ்சின் முன்பு இருந்ததைவிட இலேசாகிவிடுகிறது. இலேசான எஞ்சின் இழுக்காது, அதைவிட முக்கியம், சக்கரம் தண்டவாளத்தை அழுத்தாததால் கரண்ட் சரியாக எடுக்காது. கிட்டில் எடைக்கு ஒரு ஏற்பாடும் இல்லை, செய்முறைத் தாளில் ஒரு வார்த்தையும் இல்லை. நல்லவேளையாகத் தொட்டி இரண்டு அச்சுகளுக்கும் நேர் மேலே இருக்கிறது, எடை போட அதைவிட நல்ல இடம் கிடையாது. ஸ்மோக்பாக்ஸுக்குள் திணிக்காதீர்கள், முன்னால் கனத்தால் பின் அச்சு தூக்கும், நாலு சக்கரத்தில் இரண்டு சக்கரம் சும்மா சுற்றும். விரலை இரண்டு அச்சுக்கும் நடுவில் கொடுத்துத் தூக்கிப் பார்த்தால் சமமாக நிற்க வேண்டும், அதுதான் சோதனை.

ஈயக் குண்டு போடுகிறவர்கள் அதைப் பிடித்து வைக்க வெள்ளைப் பசை, அதாவது பிவிஏ, ஊற்றவே கூடாது. மூடிய இடத்தில் ஈயமும் அந்தப் பசையும் சேர்ந்து மெல்ல மெல்ல வேதிமாற்றம் அடைந்து உப்பிக்கொண்டே போகும், மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ கழித்து பாடியைப் பிளந்துவிடும். மாடல் ரயில் உலகத்தில் நிறைய அழகான பாய்லர்கள் இப்படித்தான் செத்திருக்கின்றன. எபாக்சி அல்லது சூப்பர் குளூ போதும். ஈயத்தைத் தொடவே பிடிக்காதென்றால் டங்ஸ்டன் புட்டி கிடைக்கிறது, பிசைந்து அப்பலாம்.

கரண்ட் எடுப்பது பற்றி. நாலே சக்கரம், அதிலும் சில வகைகளில் இழுவைக்காக ரப்பர் டயர் மாட்டியிருக்கும், ரப்பர் சக்கரம் கரண்ட் எடுக்காது, ஆக இன்னும் குறைவு. தடம் மாறும் பாயின்ட்டின் நடுவில் பிளாஸ்டிக் துண்டு இருக்கிற வகை, தண்டவாளம் செய்கிற பீக்கோ கம்பெனி இன்சுல்ஃப்ராக் என்கிறதே, அதில் மெதுவாகப் போனால் குட்டி எஞ்சின் நடுவில் நின்றுவிடும். உலோகமே ஓடுகிற எலக்ட்ரோஃப்ராக் வகைக்கு மாறலாம், அல்லது டிகோடரோடு சேர்த்து கரண்ட் சேமிக்கிற கெப்பாசிட்டர் ஒன்றை நிலக்கரிப் பெட்டிக்குள் ஒளிக்கலாம். அந்தப் பெட்டி இந்த கிட்டில் உள்ளே காலியாக விடப்பட்டிருக்கிறது, தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, அளவாகப் பொருந்துகிறது. ரப்பர் டயரைக் கழற்றிவிட்டு எடையை ஏற்றினால் இழுவையும் கிடைக்கும், கரண்டும் கிடைக்கும் என்பது என் கட்சி, ஆனால் டயருக்காகச் சக்கரத்தில் வெட்டிய பள்ளம் அப்படியே இருக்கும், அதனால் சாதாரணச் சக்கர அச்சு தனியாகக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். அச்சைக் கழற்றி மாட்டினால் சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே 14.4 முதல் 14.5 மி.மீ. வரை இருக்கிறதா என்று காலிப்பரில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வெளிப்பக்க ஃபிரேம் பட்டைகள்தான் இந்தக் கிட்டில் எனக்குப் பிடிக்காத பகுதி. நாரோ கேஜில் ஃபிரேம் சக்கரங்களுக்கு வெளியே இருப்பது சகஜம், அதன் வசீகரமே தனி, ஆனால் அப்படி இருந்தால் சக்கரங்களை இணைக்கிற கப்ளிங் ராடு ஃபிரேமுக்கு வெளியே தனியாக ஒரு கிராங்கில் சுற்ற வேண்டும். இங்கே ராடு சக்கரத்திலேயே மாட்டியிருக்கிறது, பட்டை அதற்கு வெளியே தொங்குகிறது, எஞ்சின் ஓடும்போது பட்டைக்குப் பின்னாலிருந்து ராடு எட்டிப் பார்த்துவிட்டு ஒளிந்துகொள்கிறது. பார்க்கவே வேடிக்கை. பட்டையை ஒட்டாமல் விட்டுவிட்டால் உள்ஃபிரேம் எஞ்சின், அதுவும் நிஜத்தில் நிறைய உண்டு, யாரும் குறை சொல்ல முடியாது. நான் ஒட்டவில்லை. முழுதாகச் செய்யத் துணிந்தவர்கள் அச்சுகளை நீட்டி வெளிக் கிராங்க் போடலாம், கிராங்க் இரண்டு பக்கமும் 90 டிகிரி கோணத்தில் நிற்க வேண்டும், அது சேஸிஸைத் தொடாத வேலை இல்லை, சேஸிஸையே புதிதாகக் கட்டுகிற வேலை.

எந்த நிஜ எஞ்சின் இது என்று கேட்டால், எதுவும் இல்லை. கேபினில் ஸ்டாஃபர்டில் எஞ்சின் கட்டிய பேக்னால் கம்பெனியின் சாயல் இருக்கிறது, புகைபோக்கி இன்னொரு கம்பெனியான கெர் ஸ்டூவர்ட்டை நினைவுபடுத்துகிறது, டோம் எங்கிருந்து வந்ததோ. பேக்னாலின் அடையாளமான தலைகீழ்த் தொட்டி, பாய்லரின் அடிப்பக்கத்தைச் சுற்றித் தொங்குவது, அதைச் செய்திருந்தால் மோட்டாரை மறைக்க இன்னும் வசதியாக இருந்திருக்குமே என்று தோன்றியது. கலவையானாலும் முகம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. நிஜத்தின் நகல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு இந்த வழியே சரிப்படாது. பொம்மை சேஸிஸின் அச்சு இடைவெளி எதுவோ அதற்கேற்ற எஞ்சினைத்தான் மேலே கட்ட முடியும், நமக்குப் பிடித்த எஞ்சினுக்கேற்ற இடைவெளி கிடைக்காது.

பெயின்ட், நம்பர் பிளேட் எல்லாம் வழக்கம்தான், எழுத ஒன்றுமில்லை. எஞ்சினையும் பெட்டியையும் இணைக்கிற கப்ளிங் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: பஃபர் பீமில் இருக்கிற ஓட்டை பழைய பொம்மைக் கொக்கிக்கு அளவெடுத்தது, கேடி என்ற பிராண்டின் கப்ளிங் போடுகிறவர்கள் அதை அகலப்படுத்தி உயரத்தையும் உங்கள் பெட்டிகளுக்கேற்ப ஒரே சீராக வைத்துக்கொள்ள வேண்டும். தண்டவாளமும் பேசாமல் காட்டிக்கொடுக்கும். சாதாரணத் தண்டவாளத்தின் ஸ்லீப்பர்கள் இந்த அளவுக்கு ரொம்ப நெருக்கமாக, சின்னதாக இருக்கும், மண்ணைப் போட்டு மூடலாம், இல்லையென்றால் பீக்கோ ஓ-16.5க்கென்றே அகல ஸ்லீப்பர் வைத்து விற்கிற தண்டவாளம் வாங்கலாம். கோடு 100 (code 100) என்கிற வகை ரெயிலின் உயரம் 2.54 மி.மீ., இந்த அளவில் அது 11 செ.மீ., குவாரிப் பாதைக்குக் கொஞ்சம் தடிமன்தான்.

இவ்வளவு வேலை எதற்கு, தயாராகவே வாங்கிவிடலாமே என்றால், தாராளமாக வாங்கலாம். ஓஎன்30ல் பாக்மேன் கம்பெனி 1998லிருந்து போடுகிறது, மோகல், போர்ட்டர், ஷே, ஃபோர்னி என்று எஞ்சின் வகைகள் வரிசையாக. 009ல் பாக்மேனின் பால்ட்வின், ஹெல்யானின் லின்டன் அண்ட் பார்ன்ஸ்டபிள் எஞ்சின், பீக்கோவுக்காகக் காட்டோ செய்த ஃபெஸ்டினியாக் குட்டி எஞ்சின் எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்து ஓட்டுகிற தரம். ஆனால் இவை பேர் பெற்ற எஞ்சின்கள். பெயரில்லாத குவாரி எஞ்சின், ஏதோ செங்கல் சூளையில் துருப்பிடித்து நின்றது, அது வேண்டுமென்றால் இந்த மாதிரி கிட்தான் வழி. ஓட்டம்தான் முக்கியம், அளவு எதுவானாலும் சரி என்பவர்கள் 009 பக்கம் போங்கள். காட்டோவின் நாலு சக்கரக் குட்டி சேஸிஸ் மேல் உட்கார எத்தனையோ பாடிகள் வருகின்றன, அந்தச் சின்ன உருவத்துக்கு அது ஓடுகிற மென்மை, இந்த 16.5 பொம்மை சேஸிஸை எவ்வளவு சீண்டினாலும் வராது. பதிலுக்கு 7 மி.மீ. அளவில் கிடைக்கிற கனமும் கையில் பிடிக்கிற உருவமும் அங்கே இல்லை, உதிரிகளை ஒட்டப் பூதக்கண்ணாடி வேண்டும்.

வாங்குவதென்று முடிவு செய்தால் ஆர்டர் போடும் முன் விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கோப்பு எந்த வருடத்து சேஸிஸுக்கு வரைந்தது, மோட்டாரின் படம் அனுப்பினால் பொருந்துமா பொருந்தாதா என்று சொல்வார்களா. தொட்டியை வடிகால் ஓட்டையோடு அச்சடித்து, உள்ளேயும் கழுவித் தருவார்களா. இரண்டாவதற்கு மழுப்புகிறவரிடம் வாங்காதீர்கள், அதே கோப்பை அச்சடிக்கிற வேறு ஆள் கிடைப்பார். பின்பக்கம் திறந்த கேபின் வைத்த இன்னொரு பதிப்பும் இப்போது வந்திருக்கிறது. அதில் மோட்டாரை எப்படி மறைத்திருக்கிறார்கள் என்று எந்தப் படத்திலும் காட்டவில்லை, கேட்டு எழுதியிருக்கிறேன்.